குளத்தின் அளவும் அன்னத்தின் குணமும்

(சுபாங் ஜெயாவில் நீர்ப்பறவை வளர்ப்போரிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்தச் சுபாங் ஜெயா, ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டமாக விளங்கிய நிலமாகும். 1976 ஆம் ஆண்டில் இங்கே நகரமைப்புப் பணி தொடங்கியது. 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 20 ஆம் நாள் இது மாநகரமாயிற்று. ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்ற இடத்தில் இன்று வீடுகளும் பூங்காக்களும் ஏரிகளும் காணப்படுகின்றன. அடுத்துள்ள பண்டார் சன்வே, ஈயம் தோண்டிய நிலத்தின்மீது எழுந்த ஊர். நீர்நிலைக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. தோட்டங்களிலும், லயத்துக்குப் பின்னாலுள்ள குட்டையில் வாத்து வளர்த்துக் குடும்பச் செலவுக்குச் சில வெள்ளி சேர்ப்பது நம்மவரின் நெடுநாள் வழக்கமாகும்.

இப்பொழுது சிலர், "வாத்துகளோடு ஓர் இணை அன்னமும் விடலாமா?" என்று கேட்கின்றனர். நகரத்து மாளிகைகளிலும் ஓய்வுத்தலங்களிலும் குளங்களைப் பராமரிக்கும் நம் பிள்ளைகளும் இதே வினாவை எழுப்புகின்றனர். அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

அன்னம் நமக்குப் புதிய பெயரன்று. நளனுக்கும் தமயந்திக்கும் இடையே தூது சென்ற பறவையை நளவெண்பா வாயிலாக நாம் அறிவோம். மலாய் மொழியில் பெருவாத்தைக் குறிக்கும் 'அங்சா' என்னும் சொல்லும், 'ஹம்சம்' என்னும் வடசொல்லிலிருந்து வந்ததே. பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது புலவர் மரபு. உண்மையில், அன்னத்தின் அலகோரத்தில் சீப்பின் பற்களைப் போன்ற அமைப்பு உண்டு. அது நீரை வடித்துவிட்டு இரையை நிறுத்திக்கொள்ளும்.

வளர்ப்போர் கையில் பெரிதும் காணப்படுவன இரண்டு இனங்கள். ஒன்று, ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் வாழும் வெள்ளை அன்னம். 10 கிலோவுக்கு மேல் எடையும், விரித்தால் 2 மீட்டருக்கு மேற்பட்ட சிறகும் உடையது. மற்றொன்று, ஆஸ்திரேலியாவுக்குரிய கருப்பு அன்னம். அன்னம் என்றால் வெள்ளையே என்று எண்ணியிருந்த ஐரோப்பியர், 1697 ஆம் ஆண்டில் டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடைந்தபோது இதனைக் கண்டு வியந்தனர். நமது வெப்பத்தைக் கருப்பு அன்னமே எளிதில் தாங்கும். எனினும், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1866 ஆம் ஆண்டில் அமைந்த ஏரி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் இணை வெள்ளை அன்னங்களால் 'அன்ன ஏரி' எனப் பெயர் பெற்றது. நிழலும் ஆழமான நீரும் அமைந்தால் வெள்ளை அன்னமும் இங்கு வாழும் என்பதற்கு அது சான்று.

இனி, அதன் குணத்தைக் காண்போம். இரைதேடும் காலத்தில் அன்னம் பிற பறவைகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கூடு கட்டத் தொடங்கியதும் அதன் இயல்பு மாறிவிடும். ஆண் அன்னம் சிறகுகளை முதுகின்மேல் வளைத்து உயர்த்தி, கழுத்தைப் பின்னிழுத்து, நீரைக் கிழித்துக்கொண்டு விரைந்து வரும். கூட்டருகே வழிதவறி வந்த வாத்துக் குஞ்சை நீரில் அமிழ்த்திக் கொல்வதும் உண்டு. முட்டைகள் பொரிய ஏறக்குறைய 36 நாட்கள் ஆகும். அதன்பின் குஞ்சுகளைக் காக்கும் மாதங்கள் வேறு. ஆகவே, ஒருமுறை அடை வைத்தால் பல மாதங்களுக்குக் குளம் அன்னத்துக்கே உரியதாகிவிடும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

நம் நாட்டில் கோடை, குளிர் என்னும் பருவப் பிரிவு இல்லை. எனவே, நாட்காட்டியை நம்பாமல் பறவையின் நடத்தையைக் கவனித்தல் நன்று. நாணலையும் புல்லையும் ஓரிடத்தில் குவிக்கத் தொடங்கினால், அன்றே வாத்துகளை வேறு நீருக்கு மாற்றுங்கள். வேறு நீர் இல்லையெனில், குளத்தின் நடுவே அடிவரை செல்லும் கம்பி வலை கட்டுங்கள். இரண்டும் இயலாத சிறு குட்டையில் அன்னம் வேண்டாம்.

பெருவாத்தும் தன் இடத்துக்காகப் போரிடும் பறவையே. 'செராத்தி' எனப்படும் மணிலா வாத்தின் ஆண், பிற பெட்டை வாத்துகளைத் துன்புறுத்தும். அக்கலப்பில் பிறக்கும் குஞ்சுகள் இனம் பெருக்கா. இவற்றுக்கும் இடப்பிரிவு தேவை.

தீனியிலும் நெறி உண்டு. அன்னம் தலைகீழாகக் கவிழ்ந்து, சுமார் 1 மீட்டர் ஆழம்வரை நீர்ப்பாசியையும் கொடியையும் மேயும். அவை குறைந்தால் கீரை, புல், வாத்துத் தீனி ஆகியவற்றை அளியுங்கள். வலிய பறவை மெலிய பறவையை விரட்டாதிருக்க, தீனியைக் குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். பூசணம் பிடித்த ரொட்டியை எப்பறவைக்கும் போடாதீர்கள்.

பழைய ஈயக் குட்டைகளில் பலர் தூண்டில் போடுகின்றனர். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு அறுந்து சேற்றில் விழுந்தால், அன்னம் அதனைக் கல்லென்று விழுங்கி நஞ்சேறி மாளும். இங்கிலாந்தில் இவ்வாறு அன்னங்கள் பெருமளவில் மடிந்தமையால், 1987 ஆம் ஆண்டில் சிறு ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. தேங்கிய வெந்நீரில் பறவையின் சடலம் அழுகினாலும் ஒருவகை நஞ்சு உண்டாகிக் கழுத்துத் துவண்டுவிடும். இறந்த பறவையை உடனே அகற்றுதல் கடமையாகும்.

பறவைக் காய்ச்சலையும் மறத்தலாகாது. நம் நாட்டில் 2004 ஆம் ஆண்டிலும் 2017 ஆம் ஆண்டிலும் அது கிளந்தானில் தோன்றியது. 2006 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நோயின் வரவை முதலில் அறிவித்தவை இறந்து கிடந்த அன்னங்களே. உங்கள் பறவைகள் அடுத்தடுத்து மடிந்தால், அவற்றை வெறுங்கையால் தொடாமலும் விற்காமலும் கால்நடைச் சேவைத் துறைக்கு அன்றே தெரிவியுங்கள். அன்னம் வாங்குமுன், 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவையா என்பதை வனவிலங்குத் துறையிடம் கேட்டறியுங்கள். விற்பவரின் வாய்மொழி போதாது.

பெருமக்களே, வாத்து முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அக்குடும்பத்தின் ஒரே குட்டையில் அழகை விரும்பி அன்னத்தை விட்டால், ஓர் அடைகாலத்திலேயே அந்த வருவாய் போய்விடக்கூடும். அகன்ற நீரும், பிரித்து வைக்க இடமும், நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஆளும் உடையவர் தாராளமாக அன்னம் வளர்க்கலாம். நகரத்துக் குளங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள், முதலாளி அன்னம் வாங்க முற்படுமுன் இச்செய்திகளை அவரிடம் எடுத்துரைப்பார்களாக. பறவையின் குணமறிந்து பேசும் தொழிலாளியின் சொல்லுக்கு எவ்விடத்தும் மதிப்புண்டு.