எழுதியவர் பெயரில்லாத நூல்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மேடையில் நூல்களைப் பற்றிப் பேசுவதே முறை. இவ்வுரையும் ஒரு நூலைப் பற்றியதே. 1985 ஜூலையில் பிரேசில் நாட்டில் வெளிவந்த அந்நூலின் பெயரைத் தமிழில் ‘பிரேசில்: இனி ஒருபோதும் வேண்டா’ எனலாம். அதை எழுதியவர் எவர் என்ற குறிப்பு அதில் இல்லை. சாவோ பாவுலோ நகரப் பேராயர் மாவட்டத்தின் பெயர் மட்டுமே உண்டு. நூலின் பொருளோ சித்திரவதை.

பிரேசிலில் 1964-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவ்வாட்சி 1985 வரை நீடித்தது. தொடக்கத்தில் கத்தோலிக்க ஆயர்கள் பலர் அதனை வரவேற்றனர் என்பதை மறைத்தற்கில்லை. சமயங்கள் என்றும் கொடுமையை எதிர்த்தே வந்தன என்பது கேட்க இனிக்கும், வரலாற்றுக்கு ஒவ்வாது. 1252-இல் சமய விசாரணையில் வதையைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தவர் நான்காம் இன்னசென்ட் என்னும் போப்பாண்டவர். பின்னாளில் லிஸ்பன் நகரத்து விசாரணை மன்றம் யூத நெறியைப் பின்பற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பிரேசிலிலிருந்தும் பிடித்துவரச் செய்து தண்டித்தது. இந்தப் பழங்கணக்கை நினைவிற் கொண்டாலன்றி, 1975-இல் நிகழ்ந்ததன் அருமை விளங்காது.

அவ்வாண்டு அக்டோபர் 25-ஆம் நாள், விளாடிமிர் ஹெர்சோக் என்னும் பத்திரிகையாளர் இராணுவத்தின் விசாரணைக்குத் தாமே சென்று நின்றார். அன்றே பிணமானார். தூக்கிட்டுக்கொண்டார் என்றது அரசு. அவர் யூதர். தற்கொலை செய்துகொண்டோரைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் தனியே புதைப்பது யூத மரபு. ஹென்றி சோபல் என்னும் இளம் ராபி, ஹெர்சோக்கை ஏனையோருடன் நடுவிடத்திலேயே புதைக்கச் செய்தார். அரசின் அறிக்கையை மறுத்து அவர் முழக்கமிடவில்லை. குழியின் இடமே மறுப்பாயிற்று. அந்த ராபி பிறந்த ஊர் லிஸ்பன் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 31-இல், சாவோ பாவுலோப் பேராலயத்தில் கர்தினால் பாவுலோ எவரிஸ்டோ ஆர்ன்ஸ், ராபி சோபல், பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜெய்மே ரைட் ஆகிய மூவரும் ஒருங்கே நின்று அந்த யூதருக்காக வழிபாடு நடத்தினர். சாலைகளெங்கும் தடுப்புகள். அவற்றையும் கடந்து ஏறக்குறைய 8,000 பேர் கூடினர்.

வழிபாட்டோடு நின்றிருந்தால் அது ஒரு நாளைய நிகழ்ச்சியாகப் போயிருக்கும். ரைட்டின் தம்பி பாவுலோ 1973-இல் பிடிபட்டுக் காணாமற்போனவர். தம்பியைத் தேடி அலைந்தபோது ரைட்டுக்குத் தம் சபைத் தலைமையின் துணை கிட்டவில்லை. கதவைத் திறந்தவர் கத்தோலிக்கக் கர்தினால். சொந்த வீட்டார் கைவிட, அயல்வீட்டார் கைகொடுத்த கதை அது. அந்த இருவரின் நட்பே நூலுக்கு வித்து.

1979-இல் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. மன்னிப்பு மனுக்களைத் தயாரிக்கும் வழக்கறிஞர்கள், தலைநகர் பிரேசிலியாவிலுள்ள உயர் இராணுவ நீதிமன்றத்தின் வழக்குக் கட்டுகளை 24 மணி நேரத்துக்கு வெளியே எடுத்துச் செல்லலாம். இந்தச் சிறு வாயில் போதுமானதாயிற்று. எடுத்த கட்டுகளை இரவு பகலாக நகலெடுத்து, மறுநாள் மூலத்தை உரிய இடத்தில் வைத்துவிடுவர். ஒரு கட்டு, இரு கட்டு அல்ல. 700-க்கும் மேற்பட்ட வழக்குகள், ஏறத்தாழ பத்து லட்சம் பக்கங்கள்! பணத்தை ஜெனீவாவிலுள்ள உலகத் திருச்சபைகள் மன்றம் தந்தது. அம்மன்றத்தில் கத்தோலிக்கத் திருச்சபை உறுப்பினரே அன்று. நகல்கள் நுண்படச்சுருளாகி அங்கேயே காவலும் பெற்றன. கொள்கை வேற்றுமைகளைப் பேசித் தீர்த்துக்கொண்டு அவர்கள் சேரவில்லை. தீராமலே சேர்ந்தார்கள், நகலெடுக்கும் பொறிக்கு யாருடைய வேதம் மெய் என்ற கேள்வி எழவில்லை.

கர்தினால் ஆர்ன்ஸைப் பற்றி இலக்கிய அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இளமையில் அவர் பாரிஸில் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்த பொருள், பழங்காலத்துப் புனித ஜெரோம் நூல்களை உருவாக்கிய முறை. ஏடுகள் படியெடுக்கப்பட்ட விதத்தை ஆய்ந்தவர்க்கு, முதுமையை நெருங்கும்போது படியெடுப்பே தவமாயிற்று.

இனி நூலின் நடை. சிறைப்பட்டோர் நீதிமன்றத்தில் கூறியதை எழுத்தர் படர்க்கையில் பதிவு செய்வது அந்நாட்டு வழக்கம். ‘என்னை அடித்தார்கள்’ என்று ஒருவர் கதறியது ‘வாக்குமூலம் அளித்தவர் அடிக்கப்பட்டார்’ என்றே ஏட்டில் ஏறியது. அழுகை வடிகட்டப்பட்டு, செய்தி மட்டும் எஞ்சியது. தாம் வதைக்கப்பட்டதாக 1,800-க்கும் மேற்பட்டோர் சொன்னவை அவ்வாறு அரசின் ஏட்டிலேயே கிடந்தன. நூலைத் தொகுத்தவர்கள் அவற்றுக்கு உணர்ச்சி ஏற்றவில்லை, உவமை சேர்க்கவில்லை. பகைவரின் புனைவு என்று அரசு தள்ளிவிட முடியாதபடி, அரசின் முத்திரை பெற்ற சொற்களையே பேசவிட்டனர். துயரைக் கண்டதும் அணிகளைத் தேடும் கவியுள்ளத்துக்கு இவ்வடக்கம் கடினமான பாடம்.

முன்விளம்பரம் ஏதுமின்றி வந்த அந்நூல் சில வாரங்களில் நாட்டில் மிகுதியாக விற்கும் நூலாயிற்று. ஆனால் வதைத்தோர் தண்டனை பெறவில்லை. அதே மன்னிப்புச் சட்டம் அவர்களையும் காத்தது. 2010-இல் பிரேசில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஹெர்சோக்கின் மரணச் சான்றிதழிலுள்ள காரணத்தைத் திருத்த 2012-இல் ஒரு நீதிபதி ஆணையிட்டார். அந்தத் திருத்தத்துக்கு 37 ஆண்டுகள் ஆயின.

ஜெனீவாவில் காவலிருந்த ஆவணங்கள் 2011 ஜூனில் பிரேசிலுக்குத் திரும்பின. அப்போது ஆர்ன்ஸுக்கு வயது 89. ரைட் 1999-லேயே காலமாகிவிட்டார். பத்து லட்சம் பக்கங்களைத் திரட்டிய அவருக்குத் தம்பியின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை.