கூடை சுமந்தவளுக்குக் கூலியின் மிச்சம் எங்கே?



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே முதுமை எய்தும் நம் மக்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

அரசாங்க உத்தியோகத்தர் ஆயுள் முழுவதும் இளைப்பாற்றுச் சம்பளம் பெறுகின்றார். விதவைகள், அநாதைகள் நிதிக்கு அவர் பணம் கட்டுவது உண்மையே. ஆயினும் அவருடைய சொந்த இளைப்பாற்றுச் சம்பளத்தைத் திறைசேரியே வழங்குகின்றது. அத்திறைசேரியை நிரப்புவோர் யார்? வயலில் உழலும் கமக்காரனும், சவர்க்காரக் கட்டி வாங்கும்போதெல்லாம் வரி இறுக்கும் கொழுந்து பறிக்கும் தாயும் அல்லரோ?

அத்தாய்க்குக் கிடைப்பது யாது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதி. அச்சட்டம் பிறந்தபோது இம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்து நின்றனர். இன்று சட்டப்படி அவள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டம் நூற்றுக்கு 12 செலுத்தல் வேண்டும். பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் அது ஒரே தொகையாகக் கைக்கு வரும். மகளின் கலியாணத்தோடு அது கரைந்துவிடும். பின்னர் மாதப்படி எதுவும் இல்லை.

அத்தொகையும் முழுமையாகச் சேர்வதில்லை. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்றார்கள். ஆனால் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே; எஞ்சியவை படிகள். நிதிக்கணக்கு அடிப்படைக்கே. 146 ரூபா சேர வேண்டிய நாளில் 100 ரூபாவே சேர்ந்தது. பெயர் பதியாத கைக்காசு வேலைக்கோ அதுவும் இல்லை.

சேர்ந்த பணமும் அரசாங்கத்துக்கே கடனாகின்றது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வணிக வங்கிகளின் திறைசேரி முறிகளுக்கு விலக்களித்தார்கள். இளைப்பாறு நிதிகளின் முறிகளையோ நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். இணங்காத நிதிக்கு வரி நூற்றுக்கு 14 அன்று, 30 என்று சட்டம் செய்தார்கள். நாட்டின் சுமையைச் சுமக்கக் கூடை சுமந்த முதுகுதானா அகப்பட்டது?

உத்தியோகத்தர் பெறுவதைப் பறிக்குமாறு நாம் கேட்கவில்லை. முழுச் சம்பளத்துக்கும் சேமலாப நிதி கட்டப்படல் வேண்டும். விரும்புவோர்க்கு அது மாதந்தோறும் வழங்கப்படல் வேண்டும். கைக்காசு வேலையாளின் பெயரும் பதியப்படல் வேண்டும் என்றே கேட்கின்றோம்.

கற்றோரே! தோட்டத்துத் தாயின் நிதிக்கணக்குத் துண்டை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். தன் கணக்கை அறிந்தவளை எவரும் ஏமாற்ற இயலாது.