விக்கி ஸ்டைல் கைடு யாருக்கு? ராத்திரி 2 மணிக்குப் படிக்கிறவருக்கு

இன்னைக்கு எபிசோட்ல, கம்பெனிக்குள்ள நாம எழுதுற டெக்னிக்கல் விக்கி பத்திப் பேசலாம்.

ஸ்டைல் கைடுன்னு சொன்னாலே டீம்ல பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். தலைப்பு எந்த சைஸ், புள்ளி வைக்கணுமா வேண்டாமா, எல்லாம் வெறும் அழகு விஷயம்னு நினைப்பு. ஆனா அந்தப் பக்கத்தை யார், எப்போ திறக்கிறாங்கன்னு பாருங்க. ராத்திரி 2 மணி, சர்வர் விழுந்திருக்கு. வேலைக்குச் சேர்ந்து மூணு மாசமான ஒருத்தர் ஆன்-கால்ல இருக்கார். அவர் ஆற அமரப் படிக்கிறதில்ல. காப்பி பண்ணி டெர்மினல்ல ஒட்டுறார். எழுதினவர் தூங்குறார், இல்ல வேலையை விட்டே போயிட்டார். விதிகள் அந்த ஆளுக்காகத்தான். நாலே நாலு சொல்றேன்.

முதல்ல தேதி. "சர்டிஃபிகேட் 03/04 அன்று காலாவதி" என்று எழுதினா, சென்னை டீமுக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்க டீமுக்கு மார்ச் 4. ஒரு மாச வித்தியாசம்! 1988-ல வந்த ஐஎஸ்ஓ 8601 முறைப்படி வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில 2025-04-03ன்னு எழுதுங்க. நேரம் போட்டா, ஐஎஸ்டியா யுடிசியான்னும் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சரை மணி நேரம் இருக்கு.

ரெண்டாவது, கமாண்ட் எப்பவும் கோட் பிளாக்லதான். சாதாரண பத்தியில போட்டா, சில எடிட்டர்கள் நேர் மேற்கோள் குறியை வளைச்சிடும், ரெண்டு ஹைஃபனை ஒரு நீளக் கோடா மாத்திடும். கண்ணுக்கு ஒண்ணுதான், டெர்மினலுக்கு அது வேற எழுத்து.

மூணாவது, உதாரணத்துல நிஜ புரொடக்‌ஷன் ஐபி வேண்டாம். 192.0.2.0 முதல் 192.0.2.255 வரை உதாரணத்துக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க. ஆர்எஃப்சி 5737, 2010-ல வந்தது. டொமைனுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் இருக்கு. யாராவது மாத்தாம அப்படியே ஒட்டினாலும் நிஜ சர்வர் தப்பிச்சிடும்.

நாலாவது, கட்டாயமா, விருப்பமா? 1997-ல வந்த ஆர்எஃப்சி 2119, மஸ்ட், ஷுட், மே மூணுக்கும் தனித்தனி அர்த்தம் குடுத்துச்சு. நாமளும் அப்படிப் பிரிக்கலாம். "பேக்கப் எடுப்பது நல்லது" என்று எழுதினா, அவசரத்துல அதைத் தாண்டிப் போயிடுவாங்க. "பேக்கப் எடுக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது" என்று எழுதுங்க.

இதுக்கு நாப்பது பக்க கைடு வேண்டாம், டெம்ப்ளேட்லயே வச்சிடுங்க. இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க டீம் அதிகமா திறக்கிற ரன்புக்கை, அதை எழுதாத ஒருத்தர்கிட்ட குடுத்து, டெஸ்ட் சர்வர்ல ஓட்டச் சொல்லுங்க. பக்கத்துல உட்காருங்க, வாயைத் திறக்காதீங்க. அவர் எங்க தடுமாறி நிக்கிறாரோ, உங்க அடுத்த விதி அங்கதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.