வாயில்லாச் சீவனுக்குச் செய்யுந் தொண்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நாயைப் பற்றி ஒரு சபையிலே பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமபுத்திரர் மறுத்தார் என்கிறது பாரதம். நான் கற்ற மிஷன் பாடசாலையிலோ, வாசலிற் கிடந்த ஏழை லாசருவின் புண்களை நாய்கள் நக்கின என்று படித்தோம். வைரவர் கோயில் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் அரிது. அவர் வாகனமும் நாயே. ஆயினும் வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வரும் நாமே வீதியிற் படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெறிகிறோம்.

தெருநாய் என்றொரு தனிச்சாதி வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டு நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிகளுக்கு ஆள் வரும். பெட்டைக்குட்டிகளையோ உரப்பையிலிட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் இரவோடிரவாக விட்டுவிடுகிறோம். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்களே. இன்று பையில் வந்த குட்டி அடுத்த ஆண்டு தானே தாயாகிவிடும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். அன்று நாயைக் கட்டவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு நடந்தவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். அது போரின் கொடுமை. போரில்லாத இக்காலத்தில் நாம் மனமறிந்து கைவிடுவதற்கு என்ன பெயர் சொல்வது?

ஆனையிறவுக்கு வடக்கே இயக்கச்சியிலே, ஆறு. திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை ஆதரவற்ற நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்திருக்கிறது. இத்தகைய இடங்களுக்குத் தொண்டு செய்யச் செல்பவர், நாய்க்குட்டியைத் தூக்கிப் படம் பிடிப்பதே வேலையென்று எண்ணலாகாது. கூடு கழுவ வேண்டும். சோறு காய்ச்ச வேண்டும். உண்ணி பிடுங்க வேண்டும். புழுப்பிடித்த புண்ணுக்கு முகஞ்சுளியாமல் மருந்திட வேண்டும். நன்றி சொல்லத் தெரியாத சீவனுக்கு, எவரும் காணாத வேளையிற் செய்வதே தொண்டு.

“மனிதருக்கே சோறில்லாதபோது நாய்க்கா?” என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் இத்தொண்டு மனிதரையும் காக்கிறது. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டார்கள். நாய்களுக்கும், கடியுண்டவர்களுக்கும் தடுப்பூசி ஏற்றி வந்ததனாலேயே அத்தொகை இன்று ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளது. ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏற்றினாற் போதும், நோய் பரவுவது நின்றுவிடும் என்பர் வைத்திய அறிஞர். நாய்க்கு இடும் ஊசி, பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைக்குக் காவலாகிறது.

கொன்றால் என்ன என்பாரும் உண்டு. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைக் கொன்றே வந்தது, தொகை குறையவில்லை. 1959இல் விமானியான கப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ குரொஸ் சங்கம், கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென்று 1964 முதல் வாதாடியது. 1990களில் மாநகராட்சியும் அவ்வழிக்கு வந்தது. இலங்கை அரசும் 2006இல் தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்டது.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். மாதத்தில் ஒரு நாளேனும் நம் இளைஞர் சரணாலயத்தில் உழைக்கட்டும். கால்நடை வைத்தியர்களின் உதவியோடு நம் ஊரில் ஆண்டுதோறும் ஒரு தடுப்பூசி முகாம் நடக்கட்டும். மூன்றாவது, வீட்டுப் பெட்டைநாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்போம் என்று ஒவ்வொருவரும் உறுதி கொள்வோமாக. முதலிரண்டிலும் இதுவே பெரிது. சரணாலயத்தின் மதிலை எவ்வளவு நீட்டினாலும், உரப்பைகள் வந்துகொண்டிருந்தால் இடம் போதாது. அந்தப் பையின் வாயைக் கட்டுகிற கை நம்முடையது. அதை நிறுத்தவேண்டியதும் நாமே.