குளிருக்குப் பெரிய ஜெட், மலைக்குச் சின்ன ஜெட்

'குளிர்ல கார்புரேட்டர் ஜெட் மாத்தணுமாண்ணே?'னு ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கிற தம்பிங்க கேக்குறாங்க. மாத்தலாம். ஆனா பெருசா, சின்னதாங்கிறதுல நான் ஒரு பிஸ்டனையே இழந்தவன்.

மார்கழி விடியக்காலைல எங்க வடமதுரைல காத்து குளிர்ந்து அடர்த்தியா இருக்கும். காத்து கூடுது, பெட்ரோல் அதே அளவு. கலவை லீன் ஆகி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சூடேறும். அதனால மெயின் ஜெட் ஒரு நம்பர் பெருசு.

கொடைக்கானலும் குளிர்தானேன்னு அதையே போட்டுட்டுப் போனேன். ஏத்தத்துல இழுக்கவே இல்ல, பிளக் கரிக்கட்டை! ஏன்னா அது சுமார் 7,000 அடி. உயரத்தால காத்து அஞ்சுல ஒரு பங்கு குறையும். குளிர் அதுல பாதியைக்கூட ஈடுகட்டாது. அங்க சின்ன ஜெட்தான் வேணும். மாத்தினேன், பறந்துச்சு.

இறங்கும்போது அதை மறந்துட்டேன். வத்தலக்குண்டு தாண்டி சமவெளில ஃபுல் த்ராட்டில். பிஸ்டன் ஜாம், பின்சக்கரம் லாக். கிளட்ச்சைப் பிடிச்சதால தப்பிச்சேன். கழட்டின பெரிய ஜெட் பர்ஸ்லயே கிடந்துச்சு.

இப்போ அடிவாரத்துல டீ குடிக்கிற நேரத்துலயே மாத்திடுறேன். இன்ஜினும் ஆறணும்ல.