ஈரக் குப்பையும் ஒரு தொழில்தான்: கற்றுக்கொள்வோம், கற்றுக்கொடுப்போம்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு டிபன் என்பதால் நேரத்தை மீற மாட்டேன்.

நான் பேசப்போகும் விஷயத்துக்குப் பாடப்புத்தகத்தில் 'சுழற்சி உயிரியல் பொருளாதாரம்' என்று பெயர். பெயர்தான் பெரிது, பொருள் எளிது. மண்ணில் விளைந்தது நம் சமையலறைக்கு வருகிறது. மிஞ்சியது உரமாக மண்ணுக்குப் போக வேண்டும், அல்லது எரிவாயுவாக அடுப்புக்கும் வண்டிக்கும் போக வேண்டும். நடுவில் எதுவும் வீணாகக் கூடாது. இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று 1945-லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

ஆனால் இன்று நம் வாழைப்பழத் தோல் எங்கே போகிறது? பிளாஸ்டிக் கவரோடு கலந்து லாரி ஏறினால், கடைசியில் அது குப்பை மேட்டுக்குத்தான் போகும். அங்கே காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு. அது தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்ததை இந்தப் பக்கம் இருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மேடு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். அதே 2022-ல்தான் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது.

சட்டம் என்ன சொல்லிவந்தது என்றும் பார்த்துவிடுவோம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் இடம் 'பெரும் கழிவு உற்பத்தியாளர்' எனப்பட்டது. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதோடு, மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்றும் அந்த விதிகள் சொன்னன. ஒரு வீட்டுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டாலே, 200 வீட்டுக்கு 100 கிலோ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

"சரி சார், ஒரு மெஷின் வாங்கிப் போட்டுவிடலாமே?" இந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. பக்கத்தில் ஒரு வளாகத்தில் வாங்கினார்கள், பெயர் வேண்டாம். மெஷின் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மெஷின் கெட்டுப்போகவில்லை. அதை ஓட்டத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அடுத்து வந்தவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் இன்று மெஷினைப் பற்றிப் பேசாமல் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இந்தூர் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அங்கே கம்போஸ்ட் செய்யும் முறை ஒன்றை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்தியரோடு சேர்ந்து 1931-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு 'இந்தூர் முறை' என்றுதான் பெயர். அதே இந்தூரில் 2022 பிப்ரவரியில், நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து வாகன எரிவாயு தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. நூறு வருட இடைவெளியில் இரண்டு தொழில்நுட்பங்கள். இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: வீட்டிலேயே பிரித்த சுத்தமான ஈரக் குப்பை, அதைக் கையாளத் தெரிந்த ஆட்கள்.

கையாளத் தெரிவது என்றால் என்ன? கம்போஸ்ட் என்பது குப்பையைக் குவித்து வைப்பது இல்லை, கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்குச் சமைத்துப் போடுவது. அவற்றுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறித் தோலில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். அதனால் ஒரு பக்கெட் ஈரக் குப்பைக்கு ஒரு பக்கெட் சருகு என்று ஆரம்பித்து, குவியலைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ போட வேண்டும்.

அழுகின முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை. கிளறிவிட்டுச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் ஈரக் குப்பை அதிகம், சருகு போதவில்லை. நாற்றமே இல்லை, சூடும் ஏறவில்லை என்றால் காய்ந்துவிட்டது, அல்லது குவியல் சின்னது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு. நடுக் குவியலில் 55 டிகிரி சூடு சில நாள் தொடர்ந்து இருந்தால் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். உரம் முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க, அதில் கொஞ்சம் வெந்தயத்தைப் போட்டுப் பாருங்கள். நன்றாக முளைத்தால் செடிக்குப் போடலாம்.

இதையெல்லாம் மூக்கும் கையும் கற்றுக்கொள்ள வேண்டும். புத்தகம் படித்தால் மட்டும் வராது. தையல் போல, எலக்ட்ரிக் வேலை போல இதுவும் ஒரு கைத்தொழில்.

அந்தத் தொழிலை நாம் யாரிடம் கொடுத்திருக்கிறோம்? காலை ஆறரைக்கு வரும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம். "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்பதுதான் நாம் அவர்களுக்குக் கொடுக்கும் மொத்தப் பயிற்சி. நாம் சாம்பாரோடு கலந்து போடும் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் அவர்கள் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். பிறகு உரம் நாறுகிறது என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுகிறோம்.

பயிற்சிக்கு வழி இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று நமக்குப் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையங்களின் வேலையே செய்முறைப் பயிற்சி தருவதுதான். மண்புழு உரம், காளான் வளர்ப்பு எல்லாம் அவை வழக்கமாகச் சொல்லித் தருபவை. பசுமை வேலைகளுக்கென்றே மத்திய அரசின் திறன் திட்டத்தின் கீழ் 2015-லிருந்து ஒரு திறன் கவுன்சில் இயங்குகிறது. குப்பை சேகரிப்பு, தரம் பிரிப்பு ஆகியவை அதன் பட்டியலில் முறையான தொழில்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் அரசின் திறன் திட்டங்களில் உண்டு. பத்து வருடம் குப்பை பிரித்த ஒருவர் கையில் சான்றிதழ் இருந்தால், ஏஜென்சி மாறும்போது அவரைப் புது ஆள் என்று சொல்லிக் குறைந்த சம்பளத்தில் வைப்பது கஷ்டம்.

இப்போது நான் கேட்பது மூன்று விஷயங்கள்.

ஒன்று, மெஷினுக்கு முன் பயிற்சி. நம் பணியாளர்களில் நான்கு பேரைச் சங்கச் செலவில் பயிற்சிக்கு அனுப்புவோம். அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. திரும்பி வந்தபின் உர வேலைக்குத் தனி அலவன்ஸ், கையுறை, கம்பூட்ஸ். நான்கு பேர் ஏன் என்றால், ஒருவர் போனாலும் தொழில் இங்கேயே தங்கும்.

இரண்டு, அவர்கள் கற்றுக்கொண்டு வந்ததை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்வோம். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை காலை வந்தால் போதும். ஈரம், உலர், நாப்கின்-டயப்பர் எல்லாம் தனித்தனி. நாப்கினைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்க ஐந்து நொடிகூட ஆகாது.

மூன்று, பிள்ளைகள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தொட்டியை ஒப்படைப்போம். தினமும் சூடு அளக்கட்டும், நோட்டில் எழுதட்டும், ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று சண்டை போடட்டும். உயிரியலும் வேதியியலும் அங்கே தானாக வரும்.

உரத்தை நம் தோட்டத்துக்கும் மாடிச் செடிகளுக்கும் போக மிச்சம் இருந்தால் விற்கலாம். அதில் லாபக் கணக்கு எதுவும் நான் சொல்லப்போவதில்லை. வரும் பணத்தில் முதல் பங்கு அதைச் செய்தவர்களுக்குப் போகட்டும்.

தீர்மானம் உங்கள் கையில் இருக்கும் தாளில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டிபனுக்குப் பிறகு கேளுங்கள், கையைத் தூக்குவது அதற்கப்புறம். சாப்பிட்ட வாழை இலையை மட்டும் பச்சைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். டம்ளர் அதில் வேண்டாம்.