கல்லைத் தேடிப் போன ஒரு பகலும் ஒரு ராத்திரியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவ. கடன், தொழில், சேமிப்பு பத்தியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. "உங்க குழு கல்லுப் பொறுக்கப் போன கதையை நீ சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. மறந்துடாம இருக்க எழுதி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.

எங்க குழுவில் 16 பேர். காவிரிக்கரை ஊரு, நாமக்கல் மாவட்டம். நாங்க வெளியூர் போனோம்னா ஒண்ணு கோயிலா இருக்கும், இல்லைன்னா பயிற்சியா இருக்கும். கோயிலுக்குப் போனாலும் புள்ளைங்க, மாமியார், வீட்டுக்காரர் எல்லாரும் கூட இருப்பாங்க. சோத்துமூட்டையைத் தூக்கிக்கிட்டுத் திரியறதுக்கே நேரம் சரியாப் போயிடும். நாங்க மட்டும் ஒரு நாள் எங்கேயாவது போயித் தங்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

எங்க பொருளாளர் அக்காவோட சின்னம்மா வீடு காங்கேயம் பக்கம். அந்தப் பக்கத்து மேட்டுக்காடுகளில் மழை பேஞ்சு மண் கரைஞ்சா, கலர் கல்லு மேலே வந்து கெடக்கும். ஐப்பசி மழை முடிஞ்சதும் வாங்கன்னு சின்னம்மா கூப்பிட்டாங்க. குழுப் பணத்தைத் தொடக்கூடாதுன்னு முதல்லயே பேசி முடிவு பண்ணினோம். வாரம் ஆளுக்கு 50 ரூபாய்ன்னு 12 வாரம் தனியாக் கட்டினோம். ஆளுக்கு 600, மொத்தம் 9,600. வேன் வாடகை 6,500. மளிகை, காய்கறி 1,900. டீ செலவு, தார்ப்பாய் வாடகை 700. மிச்சம் 500-க்குச் சின்னம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தோம். கணக்கு இன்னும் நோட்டில் இருக்குதுங்க.

பணத்தைச் சேர்த்தது சுலபம், வீட்டில் சொல்றதுதான் கஷ்டம். "பொம்பளைங்க ராத்திரி வெளியில தங்கறதா?"ன்னு ஒரு மாமியார். "மாட்டுல பால் கறக்கறது யாரு?"ன்னு ஒரு வீட்டுக்காரர். அன்னிக்கு அவரேதான் கறந்தாருங்க. மாடு உதைக்கவும் இல்லை, பால் குறையவும் இல்லை.

கிளம்பறதுக்கு முந்தின கூட்டத்தில் மினிட் புக்கில் நாலு தீர்மானம் எழுதினோம். ஒண்ணு, சின்னம்மா காட்டற இடத்தில் மட்டும் தேடணும், அடுத்தவங்க காட்டில் காலு வைக்கக் கூடாது. ரெண்டு, மண்வெட்டி, கடப்பாரை எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது. மேலாக் கெடக்கறதை மட்டும் பொறுக்கணும். ஏன்னா குழி போட்டுத் தோண்டறதுக்கு அரசாங்க அனுமதி வேணும், குழி சரிஞ்சா உயிருக்கும் ஆபத்து. மூணு, எது கிடைச்சாலும் காட்டுக்காரங்களுக்குப் பாதி, எடுத்தவங்களுக்குப் பாதி. நாலு, கிடைச்ச அன்னிக்கே யாரும் விற்கக் கூடாது. இந்த நாலாவது, பொருளாளர் அக்கா சொன்னது. "இன்னும் கல்லே கிடைக்கலை, அதுக்குள்ள விக்கற பேச்சா"ன்னு எல்லாரும் சிரிச்சோம்.

சனிக்கிழமை விடியக்காலம் 5 மணிக்குக் கிளம்பினோம். கரூர், க.பரமத்தி, தென்னிலை, வெள்ளகோவில் தாண்டிக் காங்கேயம். சிவன்மலைக்குப் போயி சாமி கும்பிட்டோம். பக்தர் கனவில் ஆண்டவன் சொன்ன பொருளை வைக்கற உத்தரவுப் பெட்டியையும் பார்த்தோம். பத்து மணிக்குள்ள சின்னம்மா தோட்டத்துக்குப் போயிட்டோம்.

சின்னம்மாவோட பேத்தி காலேஜில் கல்லு, பாறை பத்தின படிப்புப் படிக்குது. அந்தப் புள்ளைதான் எங்களுக்கு வாத்தியார். எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்கார வெச்சு, ஒரு தட்டில் விதவிதமாக் கல்லை வெச்சுக் காட்டுச்சு. அது சொன்னதில் எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

பூமிக்கு அடியில் பாறை குழம்பாக் கொதிச்சுக்கிட்டு இருந்த காலத்தில், கடைசியா மிஞ்சற குழம்பு பாறை இடுக்குகளில் பூந்து ஆறுமாம். அந்த இடத்தில்தான் படிகம் பெருசு பெருசா வளருமாம். அதனால வெள்ளையா வெங்கச்சங்கல்லு, பளபளன்னு காக்காப்பொன்னு, கூடவே இளஞ்சிவப்புக் கல்லு, மூணும் சேர்ந்து கெடக்கற இடத்தை நல்லாப் பார்க்கணும். அங்கே ஆறு பட்டையா, கடல் தண்ணி நிறத்தில் ஒரு கல்லு இருக்கலாம். அதுக்குப் பேரு பெரில். கரும்பச்சையா இருந்தா மரகதம், நீலமும் பச்சையும் கலந்து இருந்தா அக்வாமரின். ரெண்டும் ஒரே குடும்பம்தானாம்.

இன்னொண்ணு குருந்தக்கல். இங்கிலீசில் கோரண்டம்னு சொல்ற பேரே நம்ம தமிழ்ச் சொல்லில் இருந்து போனதாம். கடினத்தில் வைரத்துக்கு 10 மார்க்குன்னா இதுக்கு 9, வெங்கச்சங்கல்லுக்கு 7. சாணை பிடிக்கறதுக்கு இந்தக் குருந்தக்கல்லைத்தான் அந்தக் காலத்தில் பொடி பண்ணிப் போட்டிருக்காங்க. இதே கல்லு நல்ல கலரில், தெளிவா இருந்தா அதுதான் நீலம், அதுதான் மாணிக்கம். மாணிக்கத்துக்கும் சாணைக்கல்லுக்கும் ஒரே பொறப்பு!

"பக்கத்துப் படியூரில் 1819, 1820-லயே வெள்ளைக்காரர் ஒருத்தர் பெரில் எடுத்திருக்கார். அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தப் பக்கத்துக் கல்லு ரோமாபுரி வரைக்கும் போயிருக்கு"ன்னு அந்தப் புள்ளை சொன்னதும், எங்களுக்கு உட்கார முடியலை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு இறங்கிட்டோம்.

வரிசையா நின்னு, ஆளுக்கு ரெண்டு அடி விட்டு, களை எடுக்கற மாதிரியே போனோம். சூரியனைப் பார்த்த மாதிரி நடந்தா கல்லு மினுங்கும்னு அந்தப் புள்ளை சொல்லிக் கொடுத்துச்சு. முதல் அரை மணி நேரத்தில் எல்லார் மடியும் நெறைஞ்சு போச்சு. கொண்டு போயிக் கொட்டினா, "இது வெங்கச்சங்கல்லு, இதுவும் வெங்கச்சங்கல்லு, இது பீர் பாட்டில் ஓடு அக்கா"ன்னு ஒதுக்குச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சுங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கண்ணு பழகுச்சு. மத்தியானத்துக்குள்ள ஒருத்தருக்குச் சின்னதாச் செவப்புக் கார்னெட் கிடைச்சுது, இன்னொருத்தருக்குத் திருப்பினா உள்ளே நெலா வெளிச்சம் ஓடற சந்திரகாந்தக் கல்லு.

எங்க குழுவில் மூத்தவங்களைப் பெரியம்மான்னு கூப்பிடுவோம். 58 வயசு. தூரத்துப் பார்வை அவங்களுக்குச் சரியாத் தெரியாது. அதனால நல்லாக் குனிஞ்சு, ஒவ்வொரு அடியாத்தான் வந்தாங்க. நாங்க வேகமாத் தாண்டிப் போன வாய்க்கால் ஓரத்தில் இருந்து ஒரு கல்லை எடுத்தாங்க. சுண்டுவிரல் நுனி அளவு. மண்ணைத் துடைச்சு வெயிலுக்குக் காட்டினா, தெளிஞ்ச தண்ணியில் ஒரு சொட்டு நீலம் போட்ட மாதிரி இருந்துச்சு. அந்தப் புள்ளை பட்டையை எண்ணிப் பார்த்துச்சு, லென்ஸில் பார்த்துச்சு. "பெரில் மாதிரிதான் இருக்கு. ஆனா உள்ளே விரிசல் இருக்கு. பட்டை தீட்டறவங்கதான் உறுதியாச் சொல்லணும்"னு சொல்லுச்சு.

சேதி எப்படிப் போச்சோ தெரியலை. சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டு இருக்கறப்போ மொபெட்டில் ஒருத்தர் வந்தார். கல்லு வாங்கி விக்கற தரகர். கையில் வாங்கிப் பார்த்துட்டு, "இது வெறும் கண்ணாடிக்கல்லுங்கம்மா. ஆசைப்பட்டு எடுத்திருக்கீங்க, 200 ரூபாய் தர்றேன்"ன்னார். பெரியம்மாவுக்கு 200 ரூபாய்ன்னா ஒரு நாள் கூலிங்க. அவங்க முகத்தைப் பார்த்தேன், கொடுத்துடலாம்னுதான் இருந்துச்சு. "கண்ணாடிக்கல்லுக்கு எதுக்குங்கண்ணா 200 ரூபாய் கொடுக்கறீங்க?"ன்னு பொருளாளர் அக்கா கேட்டாங்க. அவருக்குப் பதில் வரலை. 500-ன்னார். "இன்னிக்கு விட்டா நாளைக்கு யாரும் சீண்டமாட்டாங்க"ன்னும் சொன்னார். நாங்க மினிட் புக்கை எடுத்து நாலாவது தீர்மானத்தைக் காட்டினோம். "பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோமுங்க, மீற முடியாது"ன்னு சொன்னோம். படிச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிட்டார். தனியா இருந்திருந்தா அந்தக் கல்லு 200 ரூபாய்க்குப் போயிருக்கும்னு பெரியம்மாவே சொன்னாங்க.

ராத்திரி களத்தில் தார்ப்பாய் விரிச்சோம். மூணு கல்லு கூட்டி அடுப்பு வெச்சு அரிசியும் பருப்பும் சாதம், தேங்காய்த் துவையல், அப்பளம். சமைச்சதும் நாங்கதான், ஆனா யாருக்கும் பரிமாறிட்டுக் கடைசியாச் சாப்பிடலை. பதினாறு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டோம். அப்புறம் நிலா வெளிச்சத்தில் கும்மி. பொறுக்கின வெங்கச்சங்கல்லை வெச்சுத் தரையில் குழி கீறிப் பல்லாங்குழி. கல்யாணமாகி 17 வருஷத்தில், எழுந்திருச்சு யாருக்கும் தண்ணி எடுத்துக் கொடுக்காம நான் தூங்கின ராத்திரி அது ஒண்ணுதானுங்க.

மறுநாள் நொய்யல் கரையில் இருக்கற கொடுமணல் போனோம். இப்போ பார்த்தா சாதாரணக் காடு. 1985-ல் இருந்து பல தடவை அங்கே தோண்டி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லை அறுத்து, ஓட்டை போட்டு, மெருகேத்திப் பாசிமணி செஞ்ச ஊரு அது. இரும்பும் உருக்கியிருக்காங்க. பானை ஓட்டில் தமிழில் பேரு எழுதி வெச்சிருக்காங்க. ஒரே ஒரு ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணி கிடைச்சிருக்கு. பதிற்றுப்பத்திலேயே இந்த ஊரு வருது. அங்கே நாங்க ஒரு பாசி கூடக் கையில் எடுக்கலை. அது நம்ம எல்லாருக்கும் சொந்தமான இடம், எடுத்தா தப்பு. ஆனா எனக்கு ஒண்ணு தோணுச்சு. அந்தக் காலத்தில் இந்த ஊருக்காரங்க கல்லைப் பொறுக்கினதோட நிக்கலை. அறுக்கவும் மெருகேத்தவும் கத்துக்கிட்டு மணியா வித்திருக்காங்க. அதனாலதான் கடல் தாண்டி வந்து வாங்கியிருக்காங்க.

அங்கிருந்து காங்கேயம் வந்து, வீட்டிலேயே சக்கரம் வெச்சுப் பட்டை தீட்டறவர்கிட்டக் கல்லைக் காட்டினோம். அவர் விளக்கு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். "அக்வாமரின்தான். விரிசல் இருக்கறதால ரெண்டு சின்னக் கல்லுதான் தேறும். நான் வாங்கினா 1,800 தரலாம். அவசரமில்லைன்னா இன்னொரு இடத்திலும் கேட்டுப் பாருங்க"ன்னார். அப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க. அடுத்த வாரம் கரூரில் காட்டினோம். 2,400-க்குப் போச்சு. சின்னம்மாவுக்கு 1,200, பெரியம்மாவுக்கு 1,200. இலட்சம் எல்லாம் இல்லைங்க. ஆனா 200-க்கும் 2,400-க்கும் நடுவில் இருந்தது என்ன? கல்லு அதே கல்லுதான். நாலு பேர்கிட்டக் கேட்டோம், அவ்வளவுதான்.

பெரியம்மா அந்தப் பணத்தில் என்ன வாங்கினாங்கன்னு எல்லாரும் கேட்கறாங்க. கண்ணுக்குக் கண்ணாடி வாங்கினாங்க. அதோ, மூணாவது வரிசையில் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லணும். எங்க ஊரில் வருஷா வருஷம் புளி சீசனில் வாசலுக்கு வர்ற வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துக்கிட்டு இருந்தோம். இந்தப் பங்குனியில் பெரியம்மாதான் கூட்டத்தில் எழுந்திருச்சு, "கல்லுக்கு மூணு இடத்தில் விலை கேட்டோமே, புளிக்கு ஏன் கேட்கலை?"ன்னாங்க. மூணு ஊரு மண்டிக்குப் போன் போட்டோம். விலையை நோட்டில் எழுதி வெச்சோம். வாசலுக்கு வந்த அதே வியாபாரி, கிலோவுக்கு 12 ரூபாய் ஏத்திக் கொடுத்து வாங்கிட்டுப் போனார். அடுத்த வருஷம் கொட்டை எடுத்து, பாக்கெட் போட்டு விக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

மத்த குழுக்காரங்களும் கெளம்பணும்னு ஆசைப்பட்டீங்கன்னா, எங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். பணத்தைத் தனியாச் சேருங்க. காட்டுக்காரங்க சம்மதம் இல்லாம இறங்காதீங்க. மண்ணைத் தோண்டாதீங்க. தலைக்குத் துண்டும் காலுக்குச் செருப்பும் வேணும், மழைக்கு அப்புறம் பாம்பு பூச்சி இருக்கும். கல்லு கிடைக்கும்னு நம்பிக் கடன் வாங்கிட்டுப் போகாதீங்க. எங்க 16 பேரில் விலை போன கல்லு ஒருத்தருக்குத்தான் கிடைச்சுது. ஆனா வெறுங்கையோட வந்ததாப் பதினஞ்சு பேரில் ஒருத்தர்கூட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. வர்ற ஐப்பசிக்கு வாரம் 50 ரூபாய் இப்பவே கட்ட ஆரம்பிச்சுட்டோம்.